ஒரே நாள், ஒரே கார், ஏழு பேர்: சேலத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது?

சேலத்தில் வீடு இருந்தால் ஒரு வேலை தானாக வந்து சேரும். வெளியூர்ச் சொந்தம் வந்து இறங்கிய மறுநாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே, "நாளைக்கு எங்கயாச்சும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்று கேட்கும். வீட்டில் யாராவது ஒருவர் யோசிக்காமல் "ஏற்காடு" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பி, பாதி மலையில் வண்டிகளுக்கு நடுவே நின்று, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்று, இருட்டியதும் இறங்கி வருவோம்.

சுதந்திர தினத்தை ஒட்டி மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தபோது என் தங்கை குடும்பம் சென்னையிலிருந்து வந்தது. இந்த முறை நான் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். மொத்தம் ஏழு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, இருபது படிக்கு மேல் ஆகாது. தங்கை மகனுக்கு ஐந்து வயது, வளைவைக் கண்டாலே வாந்தி. என் மகளுக்குப் படகு வேண்டும். மாப்பிள்ளைக்குப் போட்டோ எடுக்க இடம் வேண்டும். என் மனைவிக்கு ஒரே நிபந்தனைதான்: "சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கணும், பாத்ரூம் இருக்கணும், மத்ததெல்லாம் உங்க இஷ்டம்." இந்த ஏழு பேரை வைத்துத்தான் நான் ஒவ்வொரு வழியையும் எடை போட்டேன். உங்கள் வண்டியில் வேறு ஏழு பேர் இருந்தால் கணக்கும் வேறாகும்.

முதலில் ஏற்காடு. அதைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். நகரத்தில் வேர்த்துக்கொண்டிருந்தவன் ஒரு மணி நேரத்தில் சால்வை தேடுவான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்து நட்டார். இன்றைக்கும் ஏற்காட்டின் அழகு என்று நான் சொல்வது ஏரியை அல்ல, அந்தக் காபித் தோட்டங்களைத்தான். சில்வர் ஓக் மரங்கள் நெட்டுக்குத்தாக நிற்க, அதில் மிளகுக்கொடி ஏறியிருக்க, கீழே காபிச் செடி. ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு வட்டச் சாலை போகிறது. அதில் மெதுவாக ஒரு சுற்று வந்தாலே மனசு நிறைந்துவிடும். ஆனால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட் என்று மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். அந்த மூன்றிலும் கூட்டம் இருக்கும். அந்த வட்டச் சாலையில் இருக்காது.

ஏற்காட்டில் எனக்குப் பிடித்த நிறுத்தம் சேர்வராயன் கோயில். மலையிலேயே உயரமான பகுதி, 5,300 அடிக்கு மேல். பெரிய கோபுரமெல்லாம் கிடையாது. குனிந்து உள்ளே போகும் ஒரு குகை, அதற்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். இந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். வெளியே பரந்த புல்வெளி, காற்று ஆளைத் தள்ளும். வண்டி பக்கத்திலேயே போய் நிற்பதால் அம்மா மாதிரி ஆட்களுக்கும் தோது. கிளியூர் அருவி அப்படி இல்லை. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே விழுகிறது. அதனால் மழைக்குப் பிறகு போனால் அருவி, கோடையில் போனால் வெறும் பாறை. இறங்கி ஏறும் பாதையும் முழங்கால்காரர்களுக்கு ஆகாது.

சரி, பிறகு ஏன் ஏற்காடு வேண்டாம் என்றேன்? மூன்று நாள் தொடர் விடுமுறை. அன்றைக்கு மலைப்பாதையில் முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டைத் தவிர வேறு காட்சி கிடைக்காது. கோடை விழா சமயத்தில் போலீசார் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்குக் குப்பனூர் பாதை என்று பிரித்து விடுவதுண்டு. அந்தக் குப்பனூர் வழியைச் சாதாரண நாளிலும் நான் சிபாரிசு செய்வேன். கொஞ்சம் குறுகல்தான், ஆனால் வண்டி குறைவு, காடு அடர்த்தி. அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கி அயோத்தியாப்பட்டணம் வந்து சேர்ந்தால் போன வழியிலேயே திரும்பிய அலுப்பு இருக்காது. பெருமழைக் காலத்தில் மட்டும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இரண்டாவது பெயர் மாப்பிள்ளை சொன்னது: கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு என்று எங்கேயோ வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தார். "எழுபதும் நானே ஓட்டுறேன் மச்சான்" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. ஏனென்றால் சில வருடங்களுக்கு முன் இதே மனிதர் இதே மலையில் ஓட்டிய கதை எனக்கு மறக்கவில்லை. இறங்கும்போது கியரை மேலேயே வைத்துக்கொண்டு பிரேக்கிலேயே காலை ஊன்றி வந்தார். முப்பதாவது வளைவு வாக்கில் ரப்பர் கருகும் மாதிரி ஒரு வாடை. நிறுத்திப் பார்த்தால் முன் சக்கரத்தில் கை வைக்க முடியாத சூடு, மெல்லிசாகப் புகை. அரை மணி நேரம் வண்டியை ஓரங்கட்டி ஆறவிட்டோம். தண்ணீர் ஊற்றக் கிளம்பிய மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தினேன், கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் வளைந்துபோகும். மலை ஏறிய அதே கியரில்தான் இறங்க வேண்டும். இரண்டாவது கியரில் விட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். மேலே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும். இந்த இரண்டும் தெரியாதவர் கையில் மலைப்பாதையில் சாவியைக் கொடுக்காதீர்கள், சொந்தமாக இருந்தாலும் சரி.

கொல்லிமலையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை, ஒவ்வொன்றிலும் கீழே விரியும் சமவெளி, மேலே போனால் பலாவும் அன்னாசியும் மிளகும். கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை. செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் விழா எடுக்கிறார்கள். ஏற்காட்டைவிடக் கூட்டம் குறைவு, கடை குறைவு, மலை அதிகம். ஆனால் அங்கே போய் ஆகாய கங்கையில் குளிக்காமல் வருவதில் அர்த்தமில்லை. அருவியோ அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரம் படிக்குக் கீழே. இறங்குவது சுகம். ஏறும்போது, கல்லூரிப் பையன்களே கம்பியைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவார்கள். அம்மா மேலே கோயில் வாசலில் மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும், துணைக்கு வேறு ஒருவரும் உட்கார வேண்டும். தங்கை மகனுக்கு எழுபது வளைவு என்பது எழுபது பிளாஸ்டிக் கவர்.

சேலத்திலிருந்து ராசிபுரம் பக்கமாகப் போய் காரவள்ளியில் மலை ஏறினால் போக மட்டுமே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. நாள் முழுக்கச் சுற்றினால் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. காலை ஐந்தரைக்கே கிளம்புகிற, படி ஏறத் தெம்புள்ள நாலு பேருக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. எங்கள் ஏழு பேருக்கு அது ராத்திரி தங்கிப் போக வேண்டிய ஊர்.

ஒகேனக்கல்லை என் மகள் கேட்டாள், பரிசலுக்காக. அதை நான் மறுத்ததற்குக் காரணம் ஒகேனக்கல் அல்ல, திரும்பி வரும் வழி. தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாயில் சாலை இறக்கமாக வரும். கண்டெய்னர் லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவற்றின் மேல் ஏறுகிற செய்தியை நாங்கள் பேப்பரில் படித்துப் படித்துச் சலித்துப் போயிருக்கிறோம். நாள் முழுக்கக் குளித்து, மீன் தின்று, கண் சொக்க வரும் நேரத்தில் அந்த இறக்கம். போதாக்குறைக்கு ஆடி, ஆவணியில் ஆற்றில் வரத்து கூடினால் பரிசலையும் நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு தூரம் போய் ஏமாந்து நிற்க வேண்டாம்.

வாழப்பாடிப் பக்கம் ஒன்று இருக்கிறது. புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-ல் குடமுழுக்கு நடந்த முத்துமலை முருகன் சிலை, 146 அடி உயரம். அப்படியே ஆத்தூர் பக்கம் ஆனைவாரி முட்டல் அருவி. அரை நாளுக்குச் சரியாக இருக்கும். முழு நாளுக்கு இழுக்க முடியாது.

மிச்சம் இருந்தது மேட்டூர். நான் சொன்னதும் மாப்பிள்ளை முகம் சுருங்கியது. "அணைக்கட்டா? அதுல என்ன மச்சான் இருக்கு?" அணையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அவர் சொன்னது சரிதான், மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதை ஒரு வட்டமாகப் போட்டால் கதை வேறு. சேலம், தாரமங்கலம், நங்கவள்ளி, மேட்டூர், அங்கிருந்து காவிரியை ஒட்டியே தெற்கே பூலாம்பட்டி, அப்புறம் எடப்பாடி, சங்ககிரி, நெடுஞ்சாலையைப் பிடித்துச் சேலம். மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டர் அளவுதான். ஒரு கொண்டை ஊசி வளைவுகூடக் கிடையாது. எந்த இரண்டு நிறுத்தத்துக்கு நடுவிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் இல்லை. குழந்தை இருக்கும் வண்டிக்கு இதுதான் முக்கியம். மலைப்பயணத்தில் நடுவில் நிறுத்த இடம் கிடைக்காது, போய்ச் சேரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலை முதல் நிறுத்தமாக வைத்ததற்குக் காரணம், மதியம் நடை சாத்திவிடுவார்கள். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டியது. வெளியே இருந்து பார்த்தால் கோட்டை மாதிரி மதில், மேற்குப் பார்த்த வாசல். உள்ளே போன ஐந்தாவது நிமிடம் தங்கை மகன் ஒரு கல் சிங்கத்தின் வாயில் விரலை விட்டுவிட்டான். வாய்க்குள் ஒரு கல் உருண்டை. உருட்டினால் உருளும், வெளியே எடுக்க வராது. அதே கல்லில் செதுக்கியது, பிறகு உள்ளே போட்டதல்ல. அவன் நடு விரலால் அதைத் தள்ளித் தள்ளி, உள்ளே 'கடக்' என்று மோதும் சத்தம் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தான். அங்கிருந்து அவனை நகர்த்தப் பத்து நிமிடம் ஆயிற்று. பக்கத்திலேயே கல் சங்கிலி. அப்புறம் அந்த வாலி வதம் தூண்: ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவார், வாலி பக்கம் போய் நின்று பார்த்தால் ராமன் தெரியமாட்டார். மாப்பிள்ளை மூன்று முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். காமிரா அதற்குப் பிறகு பைக்குள் போகவே இல்லை. அம்மா படி ஏதும் ஏறாமல் நிதானமாகப் பிரகாரம் சுற்றி வந்தார்.

மேட்டூருக்குப் பதினொரு மணிக்குள் போய்விட்டோம். 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் திறந்த அணை. அன்றைய சென்னை மாகாண கவர்னர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம். தண்ணீர் 120 அடி நின்றால் முழுக் கொள்ளளவு, 93.47 டி.எம்.சி. இந்த எண்கள் எல்லாம் டெல்டாக்காரர்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். சேலத்துக்காரர்களுக்கு வேறு எண் முக்கியம்: பதினாறு கண் மதகு. அணை நிரம்பி உபரி நீர் போகும்போது அதைப் பார்க்க வேண்டும், நுரை எழும்பிச் சாரல் சாலை வரைக்கும் அடிக்கும். அணை குறைவாக இருக்கும் வருடம் போனால் அதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று உண்டு. கொளத்தூர் பக்கம் பண்ணவாடியில், அணை கட்டியபோது மூழ்கிப்போன ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரங்களும் தண்ணீருக்கு மேலே தலை தூக்கும். ஆக, மேட்டூருக்கு எந்த வருடம் போனாலும் ஏதோ ஒன்று கிடைக்கும். கிளம்பும் முன் அன்றைய நீர்மட்டத்தைச் செய்தியில் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்யுங்கள்.

பூங்காவில் பிள்ளைகளை விட்டோம். மனைவியின் பாத்ரூம் நிபந்தனை அங்கே ஓரளவு நிறைவேறியது. "ஓரளவு" என்பது அவளுடைய வார்த்தை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து புளிசாதமும் தயிர்சாதமும் கொண்டுபோயிருந்தோம், ஆனால் பூங்கா வாசலுக்கு வெளியே மீன் பொரிக்கும் வாசனை வந்தபோது கொள்கை எல்லாம் காற்றில் போயிற்று. அணை மீன், குறுக்கே கீறி, மசாலா தடவி, தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் கை காட்டுவதை எடுத்து எண்ணெயில் போடுவார்கள். ஏற்கெனவே பொரித்து வைத்ததை வாங்காதீர்கள். கை காட்டி, முன்னால் நின்று பொரிக்கச் சொல்லி, எலுமிச்சையைப் பிழிந்து, அந்த மரத்தடியிலேயே தின்ன வேண்டும். ஜிலேபி மீனில் முள் அதிகம். பிள்ளைகளுக்குக் கட்லாத் துண்டு போதும். அம்மா சைவம், புளிசாதத்தைப் பிரித்துக்கொண்டு, "நீங்க தின்னுங்க மாப்பிள்ளை, எனக்கு வாசனையே போதும்" என்றார்.

மூன்று மணி வாக்கில் பூலாம்பட்டி. இந்த வட்டத்துக்கு உயிரே இதுதான். மேட்டூருக்குக் கீழே காவிரியில் மின்சாரத்துக்காகக் கதவணைகள் வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். அதனால் ஆறு இங்கே ஓடுவதில்லை, ஏரி மாதிரி அகலமாகத் தேங்கி நிற்கிறது. இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். நடுவில் விசைப்படகு. சுற்றுலாப் படகு அல்ல. பால் கேன், மொபெட், சந்தைக்குப் போகும் மூட்டை, சீருடை போட்ட பிள்ளைகள் என்று ஊர்க்காரர்கள் அன்றாடம் போய் வரும் படகு. எங்கள் முன்னால் இரண்டு பைக்கைப் பலகை வழியாக உருட்டி ஏற்றினார்கள், பைக்காரர் அதன் மேலேயே உட்கார்ந்து வந்தார். என் மகள் கையைத் தண்ணீரில் விடப் போக, எதிரே இருந்த பாட்டி "கண்ணு, கைய உள்ள எடு" என்று அதட்டினார். அக்கரை போய், ஒரு டீ குடித்து, அடுத்த படகில் திரும்பினோம். ஏற்காடு ஏரியில் வரிசையில் நின்று அரை மணி நேரம் மிதி படகு மிதிப்பதைவிட இது எனக்கு எப்போதும் உசத்தி. படகில் லைஃப் ஜாக்கெட் கேளுங்கள், கூட்டமாக இருந்தால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். ஆற்றில் நிறையத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் நாளில் இங்கேயும் படகு ஓடாது. அப்போது கரையில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. அன்றைக்கு எங்களுக்கு யோகம்.

குறையும் சொல்ல வேண்டும். வெயில். மலையில் கிடைக்கும் குளிர் இந்த வழியில் எங்கேயும் கிடையாது, சித்திரை வைகாசியில் இந்தப் பாதையை நினைத்தே பார்க்காதீர்கள். அப்போது கூட்டமோ குட்டமோ ஏற்காடுதான். நல்ல ஓட்டலும் நடுவில் குறைவு, சாப்பாடு கட்டிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். மாப்பிள்ளை கேட்ட "மேகத்துக்குள்ள நிக்கிற மாதிரி போட்டோ" இங்கே எடுக்க முடியாது. சங்ககிரி மலைக்கோட்டையை, தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட அந்த இடத்தை, ஏறிப் பார்க்க நேரம் இருக்காது. மாலை வெயிலில் கீழே சாலையிலிருந்து பார்த்துக்கொண்டே கடந்து வந்தோம். அதற்குத் தனியாக ஒரு காலை வேண்டும்.

வைகுந்தம் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது பின்சீட்டில் எல்லோரும் தூக்கம். ஏழரைக்குச் சேலம். வாந்தி கவர் கட்டு பிரிக்காமலே டேஷ்போர்டில் கிடந்தது. வீட்டுக்குப் போகும் முன் ஒரு தள்ளுவண்டியில் நிறுத்தித் தட்டுவடை செட் வாங்கினோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி. அதைச் சிந்தாமல் தின்னச் சென்னைக்காரர்களுக்கு இன்னும் வரவில்லை. தங்கை மகன் சட்டை முழுக்க சட்னியோடு வடக்கே கை நீட்டி, "மாமா, அந்த மலைமேல லைட்டு எரியுதே, அது என்ன?" என்றான்.

"அதுதான் ஏற்காடு."

"அங்க எப்போ போறோம்?"

"ஒரு செவ்வாய்க்கிழமை வாடா" என்றேன்.